தராசு டில்லியில், காது நம் வீட்டில்!

தேசியத் திரைப்பட விருதுகளை டில்லியில் அறிவிக்கிறார்களே, அன்றைக்கு உங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்கு ஆகிறதா? ஆகிறது என்றால் நீங்கள் பாக்கியசாலி. உங்கள் வீட்டில் சினிமாப் பாட்டுப் பைத்தியம் யாரும் இல்லை என்று அர்த்தம். மற்ற வீடுகளில் அன்று சாம்பார் ஆறிப் போகும், அப்பளம் நமுத்துப் போகும், ஆனால் விவாதம் மட்டும் சூடாகவே இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை வைத்துக் கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் நீங்கள் பார்க்காத குடும்பமல்ல. நெய்வேலி டவுன்ஷிப்பில், ஏதோ ஒரு வட்டத்தில், வாசலில் வேப்பமரம் நிற்கும் குவார்ட்டர்ஸ். மகன் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. அவருடைய தாயாருக்கு மேல்பட்டாம்பாக்கம் சொந்த ஊர். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே, ரயில் நின்று போகிற ஊர். பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் கூடவே வந்தவர். மருமகள் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி, வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். பேத்தி கல்லூரியில் படிக்கிறாள்.

விருதுப் பட்டியல் வந்ததும் முதல் குண்டைப் போடுகிறவர் பாட்டிதான்.

“எங்கள் விஸ்வநாதனுக்கு ஒரு தடவையாவது கொடுத்தார்களா? அப்புறம் என்ன விருது வேண்டிக் கிடக்கிறது!”

“அம்மா, ஆரம்பிக்காதே. ராஜாவுக்குக் கொடுத்தார்களே, அதுவே ஐந்து தடவைதான். ஐம்பது தடவை கொடுத்திருக்க வேண்டும்” என்கிறார் மகன்.

“ரகுமானுக்கு ஏழு” என்று மருமகள் சமையலறையிலிருந்தே கணக்கைச் சரி செய்கிறார். “அத்தை, கோபித்துக் கொள்ளாதீர்கள். கணக்கு கணக்குத்தான்.”

பேத்தி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், “பாட்டி, இப்போது எல்லாரும் கேட்கிறது அனிருத்தைத்தான்” என்கிறாள். அவ்வளவுதான். மூன்று தலைமுறையும் ஒன்று சேர்ந்து அவள் மேல் பாய்கிறது!

வாசகர்களே, இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. தீர்ப்புச் சொன்ன பத்திரிகைக்காரனுக்கு யார் வீட்டிலும் காப்பி கிடைக்காது. ஆனால் வழக்கின் கட்டைப் பிரித்துப் பார்த்தால் சில ருசிகரமான சங்கதிகள் அகப்படுகின்றன. அவற்றைத் தெரிந்து கொண்டு சண்டை போட்டால், சண்டைக்கும் ஒரு கௌரவம் உண்டாகும்.

சின்ன இந்தியா

நெய்வேலியை இந்த வழக்குக்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1956-ல் நிலக்கரிக் கழகம் தோன்றியது. 1957 மே 20-ந் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு பழுப்பு நிலக்கரியைத் தேடி மண்ணுக்குள் போக, தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கூட வந்தார்கள். ஒரே தெருவில் நாலு விதமான சாம்பார் மணக்கும் ஊர் அது. விருதுக் கமிட்டி டில்லியில் கூடுவதற்கு முன்பே அங்கே தெருவுக்குத் தெரு ஒரு கமிட்டி கூடிவிடும்!

சினிமா மோகத்திலும் அந்த ஊர் யாருக்கும் சளைத்ததல்ல. 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நெய்வேலிச் சுரங்கத்தில் நடந்தபோது திரண்ட கூட்டத்தை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். நடிகர் விஜய் ஒரு வண்டியின் மேல் ஏறி நின்று, ஜன சமுத்திரத்தைப் பின்னால் வைத்துத் தம்மைத் தாமே படம் எடுத்துக் கொண்டாரே, அந்தக் கூட்டம்தான்.

நேருஜி சுரங்கத்தைத் திறந்த அதே 1957-ல், அக்டோபர் 3-ந் தேதி, விவித பாரதியும் பிறந்தது. அதற்கு முன்பே கடலோர ஜில்லாக்காரர்களுக்கு இலங்கை வானொலி பழக்கம். நம் பாட்டி போன்றவர்கள் ஒரு தபால் கார்டில் பாட்டின் பெயரையும் வீட்டில் உள்ள அத்தனை பேர் பெயரையும் நெருக்கி நெருக்கி எழுதிப் போட்டுவிட்டு, தங்கள் பெயர் வருகிறதா என்று ரேடியோப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த காலம் அது. யோசித்துப் பாருங்கள். அதுவும் ஒரு வோட்டுத்தானே? ஜனாதிபதி கையால் பதக்கம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

பாட்டியின் வழக்கு

முதலில் பாட்டியின் புகாரை எடுத்துக் கொள்வோம். மெல்லிசை மன்னர் எம். எஸ். விஸ்வநாதனுக்கு இசையமைப்புக்கான தேசிய விருது ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை என்பது உண்மைதானா? உண்மைதான்.

ஏன் கிடைக்கவில்லை? பாதிக் காரணம் காலண்டரில் இருக்கிறது. தேசியத் திரைப்பட விருதுகள் 1953-ம் வருஷத்துப் படங்களிலிருந்து தொடங்கின. ஆனால் இசையமைப்புக்கென்று அப்போது தனி விருது கிடையாது. 1967-ம் வருஷத்துப் படங்களிலிருந்துதான் அது வந்தது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஜோடியாக இருந்து கொடுத்த ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’ இரண்டும் 1961. ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’ இரண்டும் 1964. ஜோடி பிரிந்தது 1965. பரிசுப் பெட்டி வந்து சேரும்போது பந்தயமே முடிந்துவிட்டது!

முதல் விருது தமிழ்நாட்டுக்குத்தான் வந்தது. ஏ. பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’ படத்துக்காகத் திரை இசைத் திலகம் கே. வி. மகாதேவன் அதைப் பெற்றார். இந்தியா முழுவதற்கும் முதல் பரிசு நம் மாமாவுக்கு என்பது நம் பெருமை. அந்தப் படத்தில் புகழ் பெற்ற ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் குன்னக்குடி வைத்தியநாதன் என்பதையும் ரசிகர்கள் மறக்காமல் சொல்லுவார்கள். ஒரு படத்தின் இசை ஒருவர் கைவேலை மட்டுமல்ல, விருது மட்டும் ஒருவர் பெயருக்கு என்பது முதல் வருஷத்திலேயே தெரிந்துவிட்டது.

இனிமேல் வருவதுதான் பாட்டியின் பெட்டியில் உள்ள உண்மையான ஆயுதம். 1968-ம் வருஷத்துப் படங்களுக்கு, சிறந்த பாடகி என்ற விருதை முதன் முதலாக ஏற்படுத்தினார்கள். அதைப் பெற்றவர் பி. சுசீலா, ‘உயர்ந்த மனிதன்’ படத்தில் பாடியதற்காக. அதே வருஷம் சிறந்த பாடலாசிரியர் விருதையும் முதன் முதலாகக் கொடுத்தார்கள். அதைப் பெற்றவர் கவிஞர் கண்ணதாசன், ‘குழந்தைக்காக’ படத்துக்காக. இரண்டு படங்களுக்கும் இசை யார்? எம். எஸ். விஸ்வநாதன்!

1975-ல் கே. பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’ வந்தது. வாணி ஜெயராம் சிறந்த பாடகி ஆனார். அந்தப் படத்துக்கும் இசை அவரேதான்.

பார்த்தீர்களா வேடிக்கையை! பாடிய குரலுக்குப் பரிசு, எழுதிய வரிக்குப் பரிசு. வரியும் குரலும் ஏறி உட்கார்ந்த பல்லக்கைச் செய்தவருக்கு மட்டும் இல்லை. அதற்காகக் கமிட்டியைத் திட்ட வேண்டியதில்லை. 1968-ல் இசை விருது ‘சரஸ்வதிசந்திரா’ படத்துக்காகக் கல்யாண்ஜி-ஆனந்த்ஜிக்குப் போயிற்று. 1975-ல் அஸ்ஸாமியப் படம் ஒன்றுக்காகப் பூபேன் ஹஸாரிகாவுக்குப் போயிற்று. அவர்களும் சாமானியர்கள் அல்ல. ஆனால் பாட்டியின் மனத்தாங்கல் நியாயமானது என்பதை இனி யாரும் மறுக்க முடியாது.

தராசில் என்ன வைத்தார்கள்?

இப்போது மகன் வாயைத் திறக்கிறார். “ராஜாவுக்கு ஐந்து கொடுத்தார்களே, எந்தெந்தப் படத்துக்கு என்று பாருங்கள்!”

பார்ப்போம். 1983-ல் ‘சாகர சங்கமம்’, 1985-ல் ‘சிந்து பைரவி’, 1988-ல் ‘ருத்ர வீணை’, 2009-ல் மலையாளத்துப் ‘பழசி ராஜா’, 2015-ல் ‘தாரை தப்பட்டை’. இவற்றில் முதல் மூன்றை உற்றுப் பாருங்கள். ஒன்று நடனக் கலைஞரின் கதை. மற்ற இரண்டும் கர்நாடக சங்கீதம் பாடுகிறவர்களின் கதை. மகாதேவன் இரண்டாவது தடவை வாங்கியது எதற்கு? 1979-ம் வருஷத்து விருதில் ‘சங்கராபரணம்’. அதுவும் ஒரு பாகவதர் கதை. முதல் விருதோ முருகன் கதைக்கு.

அந்தக் காலத்துத் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது இதிலிருந்து ஓரளவு தெரியவில்லையா? தம்பூரா திரையில் தெரிந்தால் கமிட்டியின் காது நிமிர்ந்தது. ஆனால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் படபடப்பையும், ஊர்விட்டுப் போகிற அண்ணனின் தவிப்பையும், மழைக்கால மண் வாசனையையும் மெட்டாக்குவது அதைவிடச் சுலபமான காரியமா? விஸ்வநாதனின் சொத்தே ‘மெல்லிசை’. பெயரிலேயே மெல்ல இருக்கிறது. உரத்துச் சொல்லாததால் உயர்வு தெரியாமல் போயிற்றோ என்னவோ!

பட்டியலில் தெலுங்குப் படங்கள் நிறைய வருகின்றன அல்லவா? நெய்வேலியில் அடுத்த வீட்டு ஆந்திரக்காரர் சும்மா இருப்பாரா? “சங்கராபரணம், சாகர சங்கமம், ருத்ர வீணை மூன்றும் எங்கள் படம்” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுக்கிறார். “இசை எங்கள் ஆள்” என்று இந்தப் பக்கமிருந்து பதில் போகிறது. “பழசி ராஜா எங்களுடையது. உங்கள் விஸ்வநாதனே பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்தவர்தானே?” என்று எதிர்வீட்டு மலையாளி அம்மாள் ஒரு போடு போடுகிறார். பேச்சு மூச்சில்லை!

ஒரு வோட்டுக் கதை

மருமகளின் முறை வருகிறது. 1992-ல் மணிரத்னத்தின் ‘ரோஜா’ வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பெண். அந்த ஒலிநாடாவைத் தேயத் தேயக் கேட்ட தலைமுறை.

அந்த வருஷத்து விருதில் இரண்டு தமிழ்ப் படங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று இளையராஜாவின் ‘தேவர் மகன்’. மற்றொன்று, அப்போதுதான் சினிமாவுக்கு வந்த ஏ. ஆர். ரகுமானின் ‘ரோஜா’. கமிட்டித் தலைவராக உட்கார்ந்திருந்தவர் பாலு மகேந்திரா. தமது படங்களுக்கு இளையராஜாவையே விடாமல் வைத்துக் கொண்டவர். 1988-ல் வந்த தம் ‘வீடு’ படத்துக்கு, இளையராஜாவின் தனி இசைத் தொகுப்பிலிருந்தே பின்னணியை எடுத்துப் பொருத்தும் அளவுக்கு அந்த இசையில் ஊறியவர். வோட்டு இரண்டு பக்கமும் சமமாக வந்தது. தலைவரின் வோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பாலு மகேந்திரா தம் வோட்டை ‘ரோஜா’வுக்குப் போட்டார்!

தர்மசங்கடம் என்றால் இதுவல்லவா தர்மசங்கடம்! சிநேகிதருக்குப் போட்டால் பட்சபாதம் என்பார்கள். போடாவிட்டால் சிநேகிதர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் இளையராஜாவும் பாலு மகேந்திராவும் அதற்குப் பிறகும் ‘மறுபடியும்’, ‘சதி லீலாவதி’ என்று சேர்ந்தே வேலை செய்தார்கள். கலைஞர்கள் மறந்துவிட்டார்கள், ரசிகர்கள்தான் முப்பது வருஷத்துக்கு மேலாகியும் மறக்கவில்லை. “தேவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்” என்று மகன் இப்போதும் சோற்றைப் பிசைந்து கொண்டே சொல்கிறார்.

அந்த ஒரு வோட்டு வேறொன்றையும் செய்தது. தம்பூராப் பக்கமே சாய்ந்திருந்த தராசு, அன்று வேறு பக்கம் சாய்ந்தது. இருபத்தைந்து வயதுப் பையனின் முதல் படம் அது. இசைக்கான தேசிய விருது ஏற்பட்ட 1967-ம் வருஷம்தான் அவர் பிறந்த வருஷம் என்பது ஒரு விந்தை.

பாட்டு வேறு, பின்னணி வேறு

இதுவரை நாம் பேசியதெல்லாம் பெரும்பாலும் பாட்டைப் பற்றித்தான். ஒரு படத்தில் பாட்டு எவ்வளவு நேரம்? அரை மணி இருக்கலாம். மீதி நேரமெல்லாம் என்ன கேட்கிறோம்?

அதைத்தான் பின்னணி இசை என்கிறார்கள். கோடம்பாக்கத்தில் ‘ரீ-ரிகார்டிங்’ என்று பெயர். கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கும்போது உங்கள் கண் கலங்குகிறதே, அவள் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லையே, உங்களுக்கு எப்படி முன்னாலேயே தெரிந்தது? ஒரு புல்லாங்குழல் உங்கள் காதில் ரகசியமாகச் சொல்லிவிட்டது. நல்ல பின்னணி இசை நல்ல மருமகளைப் போல. வேலை நடந்துவிடும், நடந்தது தெரியாது. இல்லாத அன்றைக்குத்தான் அருமை தெரியும்!

தமிழ்ப் படத்துக்குப் பாட்டு கட்டாயமா என்ன? வீணை எஸ். பாலசந்தர் 1954-லேயே ‘அந்த நாள்’ என்று பாட்டே இல்லாத படம் எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960-ல் வந்தது. குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக் கொண்டு கிறீச்சிட வைத்தார். கேட்டதும் ஹிட்ச்காக் தம் எண்ணத்தை மாற்றிக் கொண்டார். உலகமெல்லாம் நடுங்கிய அந்த இசை ஆஸ்கார் போட்டிக்கான பட்டியலில் கூட வரவில்லை என்பதைப் பாட்டியிடம் சொன்னால் ஆறுதல் அடைவார்.

ஆஸ்காரில் 1934-ம் வருஷத்திலிருந்தே பாட்டுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று என்று இரண்டு பரிசு. நம் தேசிய விருதில் 2009-ம் வருஷத்துப் படங்களிலிருந்துதான் இப்படித் தொடர்ச்சியாகப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ‘பழசி ராஜா’வின் பின்னணிக்கு இளையராஜா வாங்கினார். அவரே பிற்பாடு ‘தாரை தப்பட்டை’க்கு வாங்கியபோது, ஒரு படத்தின் இசையை இப்படி இரண்டாகக் கூறு போடுவது சரியல்ல என்று ஆட்சேபம் தெரிவித்தார். முழு இலையில் சாப்பாடு போட்டவனிடம் “கூட்டு பிரமாதம்” என்று மட்டும் சொன்னால் அவனுக்கு எப்படியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பிரித்ததனால்தான் பின்னணி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. ‘விஸ்வாசம்’ பாட்டுகளுக்கு டி. இமானும், ‘சூரரைப் போற்று’ பின்னணிக்கும் பிறகு ‘வாத்தி’ பாட்டுகளுக்கும் ஜி. வி. பிரகாஷ்குமாரும், ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் பின்னணிக்கு ரகுமானும் விருது பெற்றார்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று தெளிவாகத் தெரிகிறது. சண்டை போடுகிறவர்களுக்கும் எந்த மைதானத்தில் நிற்கிறோம் என்பது தெரிகிறது.

கடல் கடந்தும் இதே சண்டை

2009 பிப்ரவரி 22-ந் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரகுமான் பின்னணிக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஆஸ்கார் வாங்கினார். அந்த மேடையில், எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழில் சொன்னார். அந்த நிமிஷம் தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள்! ஆனால் மறுநாளே மருமகள் கட்சியிலேயே பிளவு. “இதுவா அவருடைய சிறந்த படம்? இதைவிட எத்தனை போட்டிருக்கிறார்!” என்று ஆரம்பித்தார்கள். பரிசு கிடைக்காவிட்டால் ஏன் கிடைக்கவில்லை என்று சண்டை. கிடைத்தால் ஏன் இதற்குக் கிடைத்தது என்று சண்டை!

2013-ல் பம்பாய் ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு, ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் மூலம் ஆஸ்கார் போட்டிக்குப் போயிற்று. பரிசு ‘ஸ்கைஃபால்’ படப் பாட்டுக்காக அடீல் அம்மையாருக்குப் போயிற்று. அதனால் என்ன? தொட்டிலை ஆட்டிப் பாடுகிற பாட்டு உலகத்தின் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்ததே, அது சின்ன விஷயமா?

இத்தாலியில் என்னியோ மோரிகோனே என்று ஒரு மகா கலைஞர். அவருடைய ‘தி மிஷன்’ இசைக்கு 1987-ல் பரிசு தவறியதைப் பற்றி அந்த ஊர் ரசிகர்களும் நம் பாட்டியைப் போலவே பொருமினார்கள். ஐந்து தடவை போட்டியில் நின்று, ஐந்து தடவையும் வெறுங்கை. 2007-ல் கௌரவ விருது என்று ஒன்றைக் கொடுத்தார்கள். போட்டியில் ஜெயித்த ஆஸ்கார் கிடைத்தது 2016-ல். அப்போது அவருக்கு வயது 87!

எதற்காகச் சண்டை போடுவது?

இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. விருதுக் கமிட்டி என்ன செய்கிறது? அந்த வருஷத்தில் சென்ஸார் ஆன படங்களில், தயாரிப்பாளர்கள் அனுப்பி வைத்தவற்றை மட்டும், சில நாட்களுக்குள் பார்த்து முடிக்கிறது. அது ஒரு வருஷத்துக் கணக்கு. நாமோ இருபது வருஷம், முப்பது வருஷம் அடுக்களையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அது ஆயுள் கணக்கு. இரண்டையும் கூட்டினால் விடை எப்படிச் சரியாக வரும்?

ஆகையால் “யார் பெரியவர்?” என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. போட வேண்டிய சண்டை வேறு ஒன்று: “காலத்தில் கொடுத்தார்களா?”

எஸ். ஜானகியை எடுத்துக் கொள்ளுங்கள். ‘16 வயதினிலே’, ‘தேவர் மகன்’ படங்களுக்கெல்லாம் தேசிய விருது வாங்கியவர். 2013-ல் பத்மபூஷண் கொடுப்பதாக அறிவித்தபோது, மிகவும் தாமதமாக வந்திருக்கிறது என்று சொல்லி அதை மறுத்துவிட்டார். வாணி ஜெயராமுக்கு 2023 ஜனவரி 25-ந் தேதி பத்மபூஷண் அறிவித்தார்கள். பிப்ரவரி 4-ந் தேதி அவர் காலமானார். பதக்கத்தைக் கையில் வாங்க அவருக்கு விதியில்லை. விஸ்வநாதனுக்கும் ராமமூர்த்திக்கும் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் கொடுத்தது 2012-ல். மறு வருஷமே ராமமூர்த்தி மறைந்தார். 2015 ஜூலை 14-ல் விஸ்வநாதனும் போய்விட்டார். பத்ம விருது எதுவும் அவரை எட்டவே இல்லை.

1992-ன் அந்த ஒரு வோட்டை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அது சரியா, தவறா என்று நீங்கள் இன்னும் முப்பது வருஷம் வாதாடலாம். ஆனால் வாழ்க்கையைத் தொடங்குகிற ஒரு பையனின் கையில், அது பயன்படுகிற வயதில் போய்ச் சேர்ந்தது. விருது என்பது மழை மாதிரி. நாற்று வாடும்போது பெய்தால் அதற்குப் பெயர் மழை. அறுத்துக் களத்தில் கொட்டிய பிறகு பெய்தால் அதற்குப் பெயர் வேறு!

டில்லியின் காலண்டரை நாம் திருத்த முடியாது. நம் வீட்டுக் காலண்டர் நம் கையில் இருக்கிறதே! அடுத்த தடவை தொலைக்காட்சியில் பழைய படம் ஓடும்போது, பெயர்ப் பட்டியல் வருகையில் காய் நறுக்கப் போய்விடாதீர்கள். இசை யார், உதவி யார், பாடியவர் யார் என்று குழந்தைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உணர்ச்சிகரமான ஒரு கட்டத்தில் இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கொண்டு, எந்த வாத்தியம் உங்களை அழ வைக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கோயில் திருவிழாவிலோ கல்யாணத்திலோ மெல்லிசைக் கச்சேரி நடந்தால், பந்திக்கு ஓடுவதற்கு முன்னால் அந்தத் தபேலாக்காரரிடமும் பாடுகிற பெண்ணிடமும் போய், “நன்றாக இருந்தது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கு ஜூரி தேவையில்லை.

பாட்டிக்கும் ஒரு வார்த்தை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் தமிழ்த்தாய் வாழ்த்து, 1970-ல் தமிழ்நாட்டு அரசு விழாக்களுக்கென்று ஏற்கப்பட்டது. 2021-ல் மாநிலப் பாடல் என்றும் அறிவிக்கப்பட்டது. அதற்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் எம். எஸ். விஸ்வநாதன். தினமும் காலையில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கையைக் கட்டிக் கொண்டு, நிமிர்ந்து நின்று, அந்த மெட்டைப் பாடுகிறார்கள். எழுந்து நின்று கேட்கிறோம், எல்லாரும்.

அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மெட்டுப் போட்டவரின் பெயர் தெரியும்? உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியுமா? இன்று சாயங்காலம் கேட்டுப் பாருங்கள்.